பெயருக்குப் பின்னால் எழுதுவது

என் அய்யா பிறந்ததற்கு அரசாங்கத்திடம் இருக்கும் சாட்சி ஒரே ஒரு வரி. 1926ஆம் வருஷத்து எங்கள் ஊர்ப் பிறப்புப் பதிவேட்டிலிருந்து, சொத்து வழக்கு ஒன்றுக்காக என் தம்பி அதன் நகலை வாங்கி வந்தான். தேதி இருக்கிறது. ஆண் என்று இருக்கிறது. தகப்பன் பெயர் இருக்கிறது, அதன் வாலில் சாதிப் பட்டமும் இருக்கிறது. அது போதாதென்று சாதிக்குத் தனியாக ஒரு கட்டம்; அதிலும் அதையே எழுதியிருக்கிறார்கள். பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பெற்றவளின் பெயர் எங்குமே இல்லை.

எங்களுடையது மேலூர்ப் பக்கத்துக் கிராமம். அன்றைக்குப் பிறப்பு இறப்பை எழுதுகிறவர் கிராம முன்சீப். நிலக்கணக்கு கர்ணத்திடம், வரி வசூலும் இந்தப் பதிவேடும் முன்சீப்பிடம். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் சாவு என்பதைத் தலையாரி போய்ச் சொல்வார். மருத்துவச்சி வீடு திரும்புவதற்குள் தகவல் போய்விடும். பிள்ளைக்குப் பெயர் வைக்க இன்னும் நாள் இருக்கும், அதனால் பெயர்க் கட்டம் காலியாகவே நிற்கும். பெயர் வைத்தபின் திரும்பப் போய் அதை எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எழுதிவைத்து ஆகப்போவதும் அப்போது ஒன்றுமில்லை. அந்தப் பதிவேட்டுக்குத் தெரிய வேண்டியிருந்தது, எந்தச் சாதியில் ஒரு தலை கூடியது என்பது மட்டும்தான்.

பெயர் வீட்டுக்காரியம். முப்பதாம் நாள் தொட்டில் போட்டு, அத்தை குனிந்து பிள்ளையின் காதில் மூன்று தரம் சொல்வாள். பெரும்பாலும் செத்துப்போன தாத்தா பெயர், பாட்டி பெயர். எனக்கு வைத்தது என் அப்பத்தாளின் பெயர். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் என் அம்மா கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை. “ஏத்தா” என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் “பிள்ளை பேரென்னம்மா?” என்று கேட்க, அவள் என் தலையைத் தொட்டு, “நீயே சொல்லுத்தா” என்றாள்.

பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்த வீட்டில், தப்பிய பிள்ளைக்குப் பிச்சை, குப்பை என்று பெயர். மூக்குக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்றும் வைப்பார்கள். வேண்டாத பொருள் மாதிரிக் கூப்பிட்டால் எமன் சீண்டமாட்டான் என்ற நம்பிக்கை. அதற்குள் இருக்கும் பயத்தையும் பாசத்தையும் என்னால் புரிந்துகொள்ள முடியும். பெண்ணுக்குப் பின் பெண் பிறந்த வீட்டில் வைக்கும் பெயரைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் வேலைபார்த்த தொடக்கப் பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து “போதும்பொண்ணு” என்று கூப்பிட வேண்டியிருந்தது. “உள்ளேன் டீச்சர்” என்று அந்தக் குழந்தை பளிச்சென்று எழுந்து நிற்கும். எனக்குத் தொண்டை அடைக்கும்.

பிறந்த தேதி என்பதும் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கொடுத்ததுதான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. காமராஜர் முதலமைச்சரான வருஷத்து ஐப்பசி அடைமழையில் நான் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள். ஆனால் 1959 ஜூனில் சேர்க்கும்போது வயது தட்டக்கூடாதே என்று தலைமையாசிரியர் 1954 ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். அந்தத் தேதியை வைத்துத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன், ஓய்வுபெற்றேன், இன்றைக்கு ஓய்வூதியம் வாங்குகிறேன். என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் வைகாசி ஆனியில் பிறந்ததாகக் காகிதத்தில் இருக்கிறோமோ!

இனி அய்யாவின் பட்டத்துக்கு வருகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் எங்கள் பக்கத்துப் பட்டிவீரன்பட்டிக்காரர், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அப்போது அய்யாவுக்கு மூன்று வயது. அந்தப் பேச்சு ஊர் ஊராக நடந்து எங்கள் கிராமத்துக்கு வந்து சேர்வதற்குள் அவர் மீசை முளைத்த இளவட்டமாகிவிட்டார். 1940களின் கடைசியில் ஒருநாள், இனிமேல் என் பெயருக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது என்று வீட்டில் சொன்னாராம். தாத்தா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

சொல்வது ஒருநாள் வேலை, காப்பாற்றுவது ஆயுசு வேலை. கோயில் வரிச் சிட்டையில் பட்டத்தோடுதான் எழுதுவார்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டிலும் அப்படித்தான். அய்யா அந்த மேசை முன்னால் நின்று, “அதை அடிச்சிட்டு எழுதுங்க தம்பி” என்பார். எழுதுகிறவர் சிரித்து மழுப்புவார். பின்னால் வரிசை நிற்கும், யாராவது முணுமுணுப்பார்கள். பேனா அந்தப் பட்டத்தின் மேல் ஓடுவதைக் கண்ணால் பார்க்கிறவரை ரூபாயைக் கையிலிருந்து விடமாட்டார். சின்ன வயதில் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அது வெட்கமாக இருக்கும். வளர வளரத்தான் அந்தக் கூட்டத்தில் அப்படி நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று தெரிந்தது.

பட்டத்தை எடுத்தால் இன்னார் என்று எப்படித் தெரியும்? ஊரும் தகப்பனும் முன்னால் வந்து நின்றார்கள். காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை, மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் என்று எல்லாம் எழுத்துகளாகச் சுருங்கின. நாட்டின் மற்றப் பல பகுதிகளில் பெயரைக் கேட்டதும் சாதியைச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானவர்களின் பெயருக்குப் பின்னால் வெற்றிடம்தான் இருக்கிறது. அது தானாக வந்த வெற்றிடமில்லை. அய்யாவைப் போன்றவர்கள் ஒவ்வொரு நோட்டிலும் அடித்து அடித்து உண்டாக்கியது. பட்டம் போனதால் சாதி போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் பட்டம் கிடையாது. அந்தப் பத்திரிகை போகும் வீடுகள் இன்னும் பெரும்பாலும் ஒரே சாதி வீடுகள்தான். ஆனாலும் ஒரு பிள்ளை தன் பெயரைச் சொல்லும்போது எதிரே இருக்கிறவனால் உடனே அதை ஒரு படியில் ஏற்றவோ இறக்கவோ முடியவில்லை என்றால், அது சின்ன விஷயமில்லை. நாற்பது குழந்தைகள் உட்கார்ந்த வகுப்பறையில் நின்றவள் நான். அதன் அருமை எனக்குத் தெரியும்.

நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. 1980இல் முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். என் இளைய மகள் 1990இல் மதுரையில் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். குறித்த நாளுக்குள் பதிவாக வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்தே விவரம் போய்விட்டது. அந்தச் சான்றிதழில் என் பெயர் இருந்தது, அவள் அப்பா பெயர் இருந்தது, அவள் பெயர் மட்டும் இல்லை. சாதிக் கட்டமும் இல்லை. அய்யா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “சாதியக் காணாம்டா” என்று என் தம்பியிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பெயர் இல்லாததன் கஷ்டம் பாஸ்போர்ட் எடுக்கும்போது தெரிந்தது. 1989 ஜனவரி 26க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் என்று அன்றைக்கு விதி. 2016 டிசம்பரில்தான் அதைத் தளர்த்தினார்கள். பிறப்பைப் பெயரில்லாமல் பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். அந்தக் கெடுவும் அவளுக்கு முடிந்திருந்தது. பழைய பதிவுகளுக்கு அரசு கூடுதல் அவகாசம் கொடுத்திருந்ததால் தப்பித்தோம். அவளுடைய பெயர் அவளுடைய பிறப்புச் சான்றிதழில் ஏறியபோது அவளுக்கு 23 வயது.

அடுத்த சிக்கல் சர்நேம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். பான் அட்டையும் அப்படித்தான். ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் இன்னொரு மாதிரி. ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தபோது எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் கலக்கம். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களின் முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகிறது, முன்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி. எனவே எல்லோரும் தகப்பன் பெயரை விரித்து சர்நேம் ஆக்கிக்கொண்டோம். என் மகளின் சர்நேம் என் கணவரின் பெயர். என் மருமகனின் சர்நேம் அவருடைய அப்பாவின் பெயர்.

சென்ற வருஷம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இந்தக் காலத்தில் பதிவு பிள்ளை பிறக்குமுன்பே ஆரம்பித்துவிடுகிறது. கருவுற்றதும் கர்ப்பிணிக்கு ஒரு பதிவெண் கொடுக்கிறார்கள், பிறப்புப் பதியும்போது அதைக் கேட்கிறார்கள். பிரசவமான மறுநாள் ஆஸ்பத்திரி ஊழியர் ஒரு பெண் படிவத்தோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். கல்யாணத்தின்போது தாயின் வயது, படிப்பு, வேலை, எத்தனையாவது பிரசவம், எத்தனை வாரம், சுகப்பிரசவமா ஆபரேஷனா, குழந்தையின் எடை. பெரும்பாலும் தாயைப் பற்றியே கேட்டு எழுதினார். மதத்தைக் கேட்டார், அது புள்ளிவிவரத்துக்கு, சான்றிதழில் வராது. சாதியைக் கேட்கவில்லை. “பேரு முடிவு பண்ணிட்டீங்களாக்கா?” என்றார். மகள், “பண்ணிட்டோம்மா, பின்னால என்ன போடுறதுன்னுதான் பேசிக்கிட்டிருக்கோம்” என்றாள். “அப்ப நிதானமா முடிவு பண்ணிட்டுக் குடுங்க. இப்பல்லாம் இதுல என்ன இருக்கோ அதுதான் எல்லாத்துக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. 2023 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அய்யா காலத்தில் யாரும் எட்டிப் பார்க்காத அந்தப் பெயர்க் கட்டத்தில் எழுதுகிறது இன்றைக்குப் பிள்ளையோடு கடைசிவரை வரும்.

குழந்தையைப் பார்க்க மருமகனின் பெரியப்பா வந்திருந்தார். நல்ல மனிதர்; பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு கொண்டுவந்தார். மருமகனுக்கு அடுத்த வருஷம் சியாட்டிலில் வேலை இருக்கும்போல என்ற பேச்சு வந்தது. அவர் சொன்னார்: “அங்கெல்லாம் ஃபேமிலி நேம் வேணும்ல டீச்சர். அப்பா ஒரு சர்நேம், அம்மா ஒரு சர்நேம், பிள்ளை ஒரு சர்நேம்னு ஏர்போர்ட்ல நின்னா எவன் நம்புவான்? பேசாம நம்ம பட்டத்தைப் போட்டுருவோம். மூணு பேருக்கும் ஒண்ணாயிரும். வடக்க அத்தனை பேரும் போடுறான். அங்க போய் அது சாதின்னு எவனுக்குத் தெரியப்போகுது?”

அந்தப் பட்டத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

“அண்ணே, அது அங்கேயும் தெரியும்” என்றேன். சாதியின் பேரால் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2023 பிப்ரவரியில் சட்டம் போட்ட முதல் அமெரிக்க நகரமே அந்த சியாட்டில்தான். நம் ஆட்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோனதால்தானே அங்கே சட்டம் வேண்டியிருந்தது! அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரன் சர்நேமைக் கேட்டுவிட்டு, பூணூல் தட்டுப்படுகிறதா என்று முதுகைத் தட்டிப் பார்க்கிறான் என்று அங்கே போன பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர் விடவில்லை. “சர்டிஃபிகேட்ல சாதி எழுதித்தானே டீச்சர் சலுகை வாங்குறோம்? பேர்ல போட்டா மட்டும் என்ன?” என்றார். இது பலரும் கேட்கிற கேள்வி, பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட. சாதிச் சான்றிதழ் தனிக் காகிதம். தலைமுறை தலைமுறையாகப் படிப்பும் வேலையும் மறுக்கப்பட்டவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க அரசு கேட்கிற கணக்கு அது. வேண்டியபோது எடுத்துக் காட்டலாம், மீதி நேரம் பெட்டிக்குள் கிடக்கும். பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதக் கட்டங்களை விரும்பினால் காலியாக விடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973இலேயே ஆணை போட்டிருக்கிறது. பெயர் அப்படியல்ல. காலையில் வகுப்பில் கூப்பிடுவதிலிருந்து ராத்திரி விளையாட்டில் சண்டை போடுவதுவரை பிள்ளையோடு ஒட்டிக்கொண்டே இருப்பது அது. அதில் போய்ச் சாதியை எழுதலாமா? இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் இருவரும் வேறொன்றை யோசித்து வைத்திருந்தார்கள். மருமகன்தான் சொன்னார்: “அத்தை, சர்நேம் கட்டத்துல இவ பேரையே போடலாம்னு இருக்கோம்.” பிள்ளையின் பெயர், பின்னால் அம்மாவின் பெயர். தமிழில் எழுதும்போது அம்மாவின் முதலெழுத்து முன்னால் வரும். பெரியப்பா திடுக்கிட்டு, “தகப்பன் இல்லாத பிள்ளை மாதிரியில்ல ஆயிரும்?” என்றார். “தகப்பன் பேருக்குன்னு அதுலயே தனி வரி இருக்கு பெரியப்பா, அதுல நான் இருக்கேன்” என்றார் மருமகன்.

பெரியப்பா ‘தகப்பன் இல்லாத பிள்ளை’ என்றது என்னை நிறைய யோசிக்க வைத்தது. தகப்பன் பெயர் சொல்ல முடியாமல் தாய்மார்கள் பள்ளிக்கூட மேசை முன்னால் கூனிக் குறுகி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். விட்டுவிட்டுப் போனவனின் பெயரை வேறு வழியில்லாமல் இனிஷியலாகச் சுமந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். மணமாகாத தாய் கேட்டால் தகப்பன் பெயரை வற்புறுத்தாமல் பிறப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. கணவனை இழந்து மறுமணம் செய்துகொண்ட ஒரு தாயின் வழக்கில், பிள்ளையின் சர்நேமை முடிவுசெய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்று 2022 ஜூலையில் சொன்னது. அந்தத் தாய்மார்களுக்குக் கட்டாயத்தால் கிடைத்ததை, கட்டாயம் ஒன்றும் இல்லாத வீடுகள் விருப்பத்தோடு செய்ய ஆரம்பித்தால்தான் அவர்களுடைய பிள்ளைகளை யாரும் தனியாகத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். என் பேத்தியின் வகுப்பில் இன்னும் நாலு பேர் அம்மா பெயரோடு இருக்கட்டும். அப்போது அது வெறும் பெயராகிவிடும்.

அய்யாவைப் பெற்ற என் அப்பத்தாளின் பெயர் அந்த நகலில் இல்லை. எனக்கு வைத்ததால்தான் அது மிஞ்சியது. இல்லையென்றால் பெயர் சொல்லிக் கூப்பிடாத வழக்கத்தில் தேய்ந்தே போயிருக்கும். தன் மகளின் பெயருக்குப் பின்னால் தன் பெயர் வருவதைப் பற்றி என் மகள் பேசியபோது அவள் கண் கலங்கியதற்கு நான் காரணம் கேட்கவில்லை.

சான்றிதழ் இப்போது கைபேசியிலேயே இறங்கிவிடுகிறது, ஓரத்தில் ஒரு க்யூஆர் கட்டத்தோடு. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலை இருவரும் மாறி மாறிச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தபின்தான் ஒப்புதல் கொடுத்தார்கள். புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் இந்த இடத்தில் அவசரப்படாமல் இருக்க வேண்டும். அம்மாவின் ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டல், இதில் வேறொன்று என்று ஆனால், பின்னால் திருத்துவதற்கு அலைய வேண்டிவரும். இனிஷியலாக விடாமல் முழுப்பெயராக விரித்தே எழுதுவதும் நல்லது.

பெரியப்பாவுக்கு இன்னும் முழு மனசில்லை. ஆனாலும் பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். வருகிற தையில் அவர் வீட்டுப் புதுமனை புகுவிழா, பத்திரிகையில் பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் போட வேண்டுமாம். எங்கள் வீட்டார் பெயருக்குப் பின்னால் எதையும் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். அச்சுக்குப் போகுமுன் எனக்கு ஒருமுறை காட்டச் சொல்லியிருக்கிறேன்.